பழைய ஒரு அங்குலப் படங்களில் மலையகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தைக் காட்டும் பழைய நில அளவைப் படத்தின் பிரதி ஒன்றை வாசிகசாலை மேசையில் விரித்தால் போதும், கூட்டம் சேர்ந்துவிடும். கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றைப் போட்டு, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். அட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துச் சங்கதிதான் அதிகம் வரும். கண்டி, மாத்தளைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இடவிளக்கப் படம்னா என்னங்க? சுவத்துல மாட்டுற மேப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சுவர்ப் படத்தில் மாவட்ட எல்லையும் பெரிய ஊர்களும் இருக்கும். இடவிளக்கப் படத்தில் நிலமே இருக்கும்: மேடு, பள்ளம், ஓடை, வயல், தேயிலை, காடு, பாதை, கட்டடம். சாதாரண தரப் புவியியல் வினாத்தாளோடு ஒரு துண்டுப் படம் வருமே, அதே சாதி. அது 1:50,000 அளவுத்திட்டம், மீட்டர் கணக்கு. பழையது மைல் கணக்கு. தரையில் ஒரு மைல் என்றால் படத்தில் ஒரு அங்குலம், அதாவது 1:63,360. அதனால்தான் 'ஒரு அங்குலப் படம்' என்கிறோம்.

இந்த அளவில் உங்கள் கட்டைவிரல் நகம் மறைக்கிற இடத்துக்குள் தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசன் முழுவதும் அடங்கிவிடும். அரை அங்குலத்துக்கு அரை அங்குலம் என்றால் 160 ஏக்கர். ஆகவே பூதக்கண்ணாடி இல்லாமல் உட்காராதீர்கள். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நல்ல வழிதான்.

யார் வரைஞ்சது? எவ்வளவு பழசு?

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. அப்போது மலைநாடு கண்டி அரசனிடம் இருந்தது. 1815க்குப் பிறகு பிரிட்டிஷாருக்கு மலைக்குள் பாதை தேவைப்பட்டது, பாதைக்குப் படம் தேவைப்பட்டது. தோமஸ் ஸ்கின்னர் என்ற இராணுவ அதிகாரி 1830களில் கண்டிச் சீமையை மலை மலையாக ஏறி அளந்தார். நம் பக்கத்துப் பெரிய பாதைகள் பலவற்றின் தொடக்கமும் அவர் கைவேலைதான்.

நாம் பேசும் ஒரு அங்குலத் தொடர் அதற்கு வெகு பின்னால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அளவை தொடங்கி, 1920களில் முழுத் தீவையும் முடித்தார்கள். மொத்தம் 72 தாள்கள். பிறகும் பல தடவை திருத்தி அச்சிட்டார்கள். அதனால் 'பழைய படம்' என்று ஒன்று கையில் வந்தால் அது 1910ஆகவும் இருக்கலாம், 1960ஆகவும் இருக்கலாம்.

காலத்தைக் கவனிப்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். கோப்பிக்கு இலைநோய் வந்தது 1869இல். ஜேம்ஸ் டெயிலர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்டது 1867இல். இந்தத் தொடரை அளக்க வந்தபோது கோப்பி செத்து, மலையெல்லாம் தேயிலை ஆகிவிட்டது. கோப்பிக் காலத்தில் ஆட்கள் பழம் பறிக்க வந்து, முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். கொழுந்து எடுக்க வருசம் முழுதும் ஆள் வேண்டும். ஆகவே நீங்கள் பார்ப்பது வந்து போன சனத்தின் படம் அல்ல. குடியேறி, பிள்ளை பெற்று, கோயில் கட்டிய சனத்தின் படம்.

தாள்ல வருசம் கிழிஞ்சு போச்சு. எந்தக் காலம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரயிலைப் பாருங்கள். நாவலப்பிட்டிக்கு 1874இல் ரயில் வந்தது. நானுஓயாவுக்கு 1885, அப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894. அதற்கப்புறம் 30 வருசம் அங்கேயே நின்று 1924இல்தான் பதுளையைத் தொட்டது. பதுளைத் தாளில் பாதை பண்டாரவளையோடு நின்றால் அந்த அளவை 1924க்கு முந்தியது. அட்டன் பக்கத் தாளில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இல்லாவிட்டால் அது 1960களுக்கு முந்தியது. கொத்மலையில் ஆறு மட்டும் ஓடினால் 1980களுக்கு முந்தியது.

ஒரு எச்சரிக்கை. அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. மறு அச்சில் பாதையை மட்டும் புதிதாகச் சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்கள். ஓரத்துச் சிறிய எழுத்துகளில் அளந்தது, திருத்தியது, அச்சிட்டது என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் மூன்றையும் குறித்துவையுங்கள்.

எங்க போய்ப் பார்க்கலாம்?

புதிய 1:50,000 தொடரை, மொத்தம் 92 தாள்கள், நில அளவைத் திணைக்களத்திடம் வாங்கலாம். தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். பழைய ஒரு அங்குலத் தாள்களுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் கேளுங்கள். வெளிநாட்டு நூலகங்கள் சில இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கின்றன. பழைய தோட்டத்து ஆபீஸ் சுவர்களில் தொங்குவது பெரும்பாலும் இதுவல்ல, அது தோட்டத்துப் பிளான். அதன் பெருமை கீழே வரும்.

இந்த மண் கலர்க் கோடெல்லாம் என்ன? பார்த்தா தலை சுத்துது.

அவை சமவுயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொட்டுக்கொண்டு போகும். ஒரு அங்குலப் படத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 100 அடி வித்தியாசம், புதிய படத்தில் 20 மீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் தட்டை. அரை அங்குலத்துக்குள் பத்துக் கோடு எண்ணினீர்கள் என்றால், அரை மைல் நடப்பதற்குள் 1,000 அடி ஏற்றம். கொழுந்துக் கூடையோடு அந்த அரை மைல் எப்படியிருக்கும் என்று அம்மாமாரைக் கேளுங்கள், படம் சொல்லாது.

கோடு மேட்டுப் பக்கம் குத்திக்கொண்டு வளைந்தால் அங்கே ஓடை இறங்குகிறது. பள்ளத்துப் பக்கம் மூக்கை நீட்டினால் அது மலையின் கிளை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், கட்டடங்களைப் பார்க்காமலே எது எங்கே இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

எங்க லயம் இதுல இருக்குமா?

லயம், அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு, பெரும்பாலும் இருக்கும். சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைத் தேடுங்கள். எந்தக் குறி எதற்கு என்பது பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், தாளின் அடியில் உள்ள குறி விளக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள். 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்களை (லயத்தின் அறைகளை) இந்த அளவில் ஒவ்வொன்றாகக் காட்ட வழியில்லை. ஒரு கட்டை என்றால் ஒரு லயம், எத்தனை காம்பரா என்பது படத்தில் கிடையாது.

கட்டையைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். துரை (தோட்ட நிர்வாகி) பங்களா அனேகமாக மலைக்கிளையின் நுனியில், மூன்று பக்கமும் பார்வை விரியும் இடத்தில் இருக்கும். அதற்கென்று வளைந்து வளைந்து ஏறும் வண்டிப்பாதை ஒன்று இருக்கும். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கீழே, ஓடைக்கும் பெரிய பாதைக்கும் பக்கத்தில். லயங்கள் இரண்டுக்கும் இடையில், மலை கொஞ்சம் தட்டையாகும் மடிப்பில், பீலிக்கு (தண்ணீர் விழும் குழாய்க்கு) நீர் எடுக்கக்கூடிய ஓடையை ஒட்டி. பங்களாவுக்கு இரட்டைக்கோட்டுப் பாதை, லயத்துக்குப் புள்ளிக்கோடு. ஒரு தோட்டத்தின் ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது என்பேன். தொடர்ந்து நாலைந்து தோட்டங்களைப் பாருங்கள், மலை மாறும், ஏற்பாடு மாறாது.

அப்புறம், டிவிசனுக்கு டிவிசன் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒரே தோட்டம்தான், ஆனால் மேல் டிவிசன் லயத்துக்கும் கீழ் டிவிசன் லயத்துக்கும் நடுவில் ஒரு மைல், இரண்டு ஓடை, ஒரு மேடு இருக்கும். பிரட்டுக்களமும் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) வேலை மலையும் (கொழுந்து எடுக்கும் தேயிலை நிலம்) பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வைத்த இடங்கள் இவை. ஒவ்வொரு டிவிசனுக்கும் தனி மாரியம்மன் கோயில், தனித் திருவிழா, தனிக் காமன் கூத்து என்று ஆனதற்குப் பின்னால் இந்தத் தூரமும் இருக்கிறது.

பங்களாவுக்கும் தோட்டத்துக்கும் பேர் போட்டிருக்கு. லயத்துக்கு ஏன் போடல?

படம் வரைந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பாதை, வரி, காணி, நிர்வாகம் இவற்றுக்காக வரைந்த படம். தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஸ்கொத்லாந்து, இங்கிலாந்து ஊர்ப் பெயராக, மலைக்குக் குறுக்கே நீட்டி எழுதப்பட்டிருக்கும். அதே தோட்டத்துக்குச் சனம் வைத்த தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். டிவிசன்களுக்கும் அப்படித்தான்: பழைய தோட்டம், நடுத்தோட்டம், தொங்கல், புதுக்காடு. வேலை மலைகளுக்கும் பெயரோ நம்பரோ உண்டு. இவை எதுவும் ஒரு அங்குலப் படத்தில் ஏறவில்லை.

இதைக் கண்டு கோபப்படுவதைவிட, பென்சிலை எடுப்பது உருப்படியான வேலை. தாளைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, எழுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, பீலிக்குப் பீலி, திருப்பத்துக்குத் திருப்பம் பெயர் கேளுங்கள். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை கிடைத்தால் விடாதீர்கள். ஏக்கர் கணக்கோடு சொல்வார்.

ஸ்டோரெல்லாம் ஏன் ஆத்துப் பக்கமாவே இருக்கு?

ஆரம்பத்தில் பல ஸ்டோர்களில் இயந்திரத்தைச் சுழற்றியது தண்ணீர்தான். மேலே ஓடையை மறித்து, கான் (வாய்க்கால்) வெட்டி, சக்கரத்தில் விழ விட்டார்கள். ஸ்டோருக்கு ஸ்டோர் ரோதைமுனிக்கு (சக்கரத்துக் காவல் தெய்வத்துக்கு) பூசை போடும் வழக்கம் அந்தச் சக்கரத்தோடு வந்தது. பின்னால் எண்ணெய், மின்சாரம் என்று வந்தபோதும் கட்டடம் இடம் மாறவில்லை. பெரிய பாதையும் பள்ளத்தில்தான் போகிறது, தேயிலைப் பெட்டி ஏற்றிவிடவும் அது வசதி.

பள்ளத்துல இருக்கிற சிங்களக் கிராமங்களைப் பத்தி இந்தப் படம் ஏதாவது சொல்லுமா?

நிறையச் சொல்லும். என் கணக்கில் இந்தப் படங்களின் பெரிய லாபமே இதுதான். தோட்டத்தை மட்டும் பார்த்துப் பழகிய நாம், பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே தாளில் பார்க்கிறோம். கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த, வெலிமடைப் பக்கங்களை எடுங்கள். ஆற்றங்கரையில் வயல், வயலுக்கு மேல் ஓரமாக வீட்டுத்தோட்டங்கள், அவற்றுக்குள் பரவலாக வீடுகள், ஒரு விகாரை. வயலின் மேல் விளிம்பை ஒட்டி, சமவுயரக் கோட்டோடு சேர்ந்தே போகும் மெல்லிய நீலக்கோடு வாய்க்கால். கிராமம் முழுதும் அந்த வாய்க்காலின் போக்கில்தான் வளைந்து கிடக்கும். லயம் போல ஒரே இடத்தில் குவிந்த வரிசை அங்கே இல்லை.

இப்போது மேலே பாருங்கள். ஏதோ ஒரு உயரத்தில் கிராமம் நின்று தேயிலை தொடங்குகிறது. அந்தக் கோடு தானாக வந்ததல்ல. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு யாருடையது என்று நிரூபிக்காதவரை, முடிக்குரியது என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. கிராமத்தார் மேலே சேனைப் பயிர் செய்வார்கள். வெட்டி, எரித்து, விதைத்து, பிறகு பல வருசம் சும்மா விடுவார்கள். அளப்பவன் கண்ணுக்கு அது தரிசு. மாடு மேய்த்த பத்தனை என்ற புல்வெளியும் அப்படியே. 1897இல் தரிசு நிலச் சட்டமும் வந்தது. கிராமத்துக்கு மேலே விரிய இடமில்லாமல் போனது.

ஆனால் எல்லாப் பள்ளத்தாக்கும் ஒன்றல்ல. மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனைத் தாள்களின் உயரமான பகுதிகளில் வயலையும் வாய்க்காலையும் தேடிப் பாருங்கள், மிக அரிதாகத்தான் படும். அங்கே பெருங்காட்டை வெட்டித்தான் தோட்டம் போட்டார்கள். வெட்டியவர்கள் நம் முன்னோர்கள்தான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'அவர்கள் நிலத்தை நாம் பிடித்தோம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களிடமும், 'எங்கும் வெறும் காடுதான்' என்கிறவர்களிடமும் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

மேல தோட்டம், கீழ கிராமம்னா ரெண்டுக்கும் போக்குவரத்தே இல்லையா?

புள்ளிக்கோடுகளைப் பின்தொடருங்கள். வண்டிப்பாதை தோட்டத்தை ஸ்டேசனோடு இணைக்கும். குறுக்குப் பாதையோ லயத்திலிருந்து நேரே கிராமத்துக்கு இறங்கும். தேங்காய், வெற்றிலை, காய்கறி, மாட்டுப்பால், கைமாற்றுக் கடன் எல்லாம் நடந்த வழி அது. பல இடங்களில் அது ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு கடைத்தெரு முளைத்திருக்கும்: நாலு கட்டடம், தபாற்கந்தோர் என்றால் பக்கத்தில் 'பி.ஓ.' என்ற எழுத்து.

தண்ணீரும் இணைக்கிறது, சண்டையும் மூட்டுகிறது. தோட்டத்து ஓடைதான் கீழே வாய்க்காலுக்குப் போகிறது. மேலே மண் கரைந்தால் கீழே வயல் மூடும். கோப்பிக் காலத்திலிருந்தே உள்ள இந்தத் தகராற்றின் அமைப்பைப் படத்தில் ஒரு விரலை ஓடையோடு ஓட்டிப் பார்த்தாலே புரியும்.

பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்கடியில இருக்குன்னு சொல்றாங்களே, மேப்புல பார்க்கலாமா?

பார்க்கலாம். 1960களின் கடைசியில் மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய நகரம் நீருக்குள் போனது. இப்போதுள்ள மஸ்கெலியா அதற்குப் பின் மேலே எழுந்தது. அதற்கு முந்திய தாளில் மஸ்கெலியா ஓயாவும் கடைத்தெருவும் பாலமும் அப்படியே இருக்கும். கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையின் பகுதிகளும் தலைகாட்டும். கையில் படத்தோடு போனால் எந்தக் கல் எதன் அடி என்று சரிபார்க்கலாம். சேற்றுக்குள் இறங்காதீர்கள், கரையில் நின்றே பார்க்கலாம்.

கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல். அங்கே மூழ்கியவை பெரும்பாலும் மேலே சொன்ன வயல் கிராமங்கள். கடதொர விகாரை இன்றும் நீர் குறைந்தால் தெரியும். விக்டோரியாவுக்காகப் பழைய தெல்தெனிய நகரம் போனது. 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையின் ஆற்றோரத்தையே மாற்றிவிட்டது. மலையக ஆறுகளின் பள்ளத்துத் தரை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு அங்குலத் தாளை விட்டால் பல இடங்களில் வேறு முழுமையான சாட்சி இல்லை.

ராகலைக்கு ரயில் போச்சுன்னு தாத்தா சொல்வார். நிசமா?

நிசம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் சின்ன ரயில் ஓடியது. 1903இல் நுவரெலியா வரை, 1904இல் ராகலை வரை. லொறிப் போட்டியில் தோற்று 1940களில் மூடினார்கள். அக்காலத் தாளில் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் அந்தக் கோட்டை எடுத்து இன்றைய படத்தில் வைத்தால், சில இடங்களில் அது பாதையாகியிருக்கும், சில இடங்களில் தேயிலைக்குள் தட்டையான ஒரு பட்டையாக மட்டும் தெரியும்.

பழைய படத்துல பத்து லயம். புதுசுல மூணுதான். மத்ததெல்லாம் எங்க போச்சு?

இடிந்து வேறு இடத்தில் கட்டியிருக்கலாம், மண்சரிவுப் பயத்தில் எடுத்திருக்கலாம். ஆனால் பல இடங்களில் காரணம் அரசியல். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர்களானோம். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, சில துண்டாடப்பட்டன. கண்டி, கம்பளை, மாத்தளைப் பக்கத்து ஓரத்துத் தோட்டங்களில் சனம் வெளியேற்றப்பட்டது, வன்செயலுக்குப் பயந்தும் ஓடியது. 1977 மே மாதம் பத்தனை டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டது தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில்தான்.

இரண்டு தாள்களையும் வைத்து, மறைந்த லயங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டங்கள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். கிராமத்தோடு எல்லை பகிரும் தாழ்ந்த தோட்டங்களிலா, அல்லது உயரத்து உட்தோட்டங்களிலா? அதை வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் பேசினால் கேள்வி கூர்மையாகும்.

பழைய படத்தை ஸ்கேன் பண்ணி கூகுள் மேப் மேல வச்சேன். எல்லாம் தள்ளித் தள்ளி நிக்குது. எது பிழை?

இரண்டும் சரி. பழைய படங்கள் கண்டவளை என்ற இடத்துப் புள்ளியை ஆதாரமாக வைத்து, பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோள அளவைக் கொண்டு வரைந்தவை. போனில் உள்ள ஜீபீஎஸ் வேறு ஆதாரத்தில் இயங்குகிறது. மாற்றாமல் வைத்தால் ஏறத்தாழ 200 மீட்டர் கிழக்கு மேற்காக விலகும். மலையில் 200 மீட்டர் என்றால் அடுத்த லயம்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய ஆதாரத்தைத் தெரிவு செய்து பொருத்தலாம். அது கடினமாக இருந்தால், மாறாத புள்ளிகளைப் பிடித்துப் பொருத்துங்கள்: ரயில் சுரங்க வாய், பழைய பாலம், ஆறுகள் சேரும் இடம், மலை உச்சி. பேதுருதாலகால உச்சி அன்று 8,281 அடி, இன்று 2,524 மீட்டர், இரண்டும் ஒன்றேதான். சந்தையையும் பஸ் நிலையத்தையும் நம்பாதீர்கள், அவை நகரும். மடித்து வைத்த தாளாக இருந்தால் மடிப்போரம் இழுபட்டிருக்கும், நாலு மூலையில் மட்டும் பொருத்தினால் நடுவில் பிசகும்.

எங்க குடும்பம் நூறு வருசமா இங்க இருக்குன்னு இந்தப் படத்தைக் காட்டி காணி கேக்கலாமா?

காணி உரித்துக்கு இது ஆவணமாகாது. காரணம் அளவிலேயே இருக்கிறது. இந்தப் படத்தில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 30 மீட்டருக்கு மேல். 7 பேர்ச் காணி ஒன்றின் ஒரு பக்கம் சுமார் 13 மீட்டர், படத்தில் அது கால் மில்லிமீட்டர் கூட இல்லை. எல்லைக்கு வேறு படங்கள் உண்டு: உரித்துப் படம், ஆரம்பப் படம், இறுதிக் கிராமப் படம் என்று நில அளவைத் திணைக்களத்தின் வகைகள். தோட்டத்துக்குள் என்றால், முதலில் சொன்ன தோட்டத்துப் பிளான். அது சங்கிலி என்ற நில அளவுக் கணக்கில் வரைந்தது, மலை நம்பர், ஏக்கர், லயம், தவறணை (நாற்றுமேடை) எல்லாம் தனித்தனியே இருக்கும்.

அப்படியானால் ஒரு அங்குலப் படம் வீணா? இல்லை. இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் குடியிருப்பு இருந்தது என்று காட்ட அது உதவும். பிறப்புப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் (வேலைப் பதிவேடு), பாடசாலைப் பதிவு இவற்றோடு சேர்த்து வைத்தால் கதை நிற்கும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமாகி, 1992 முதல் கம்பெனிகள் நிர்வாகத்தில் இருப்பதால், வழக்கென்று இறங்குமுன் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

மண்சரிவு வருமான்னு இதுல தெரியுமா?

செங்குத்து எங்கே, லயத்துக்கு மேல் ஓடை எங்கே, மேலே காடு இருந்து பின்னால் வெட்டினார்களா என்பது தெரியும். மேலே சொன்னபடி லயங்கள் மலை மடிப்பில், ஓடையோரமாக வைக்கப்பட்டவை. நீர் சேரும் இடமும் அதுதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை யாரும் மறக்கவில்லை.

ஆனால் ஆபத்துக்கு இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்கள் தயாரிக்கிறது, 1:10,000 அளவிலும் உண்டு. பிரதேச செயலகத்தில் உங்கள் இடத்தைக் கேளுங்கள். மழை நாளில் சுவரில் புதிய வெடிப்போ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவதோ கண்டால் படத்தை மடித்து வைத்துவிட்டு வெளியேறுங்கள்.

எங்க கோயில் படத்துல இல்ல. அப்போ அது அந்தக் காலத்துல இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்ட மாடசாமியையும் முனியாண்டியையும் அளவையாளர் கட்டடம் என்று எண்ணவில்லை. தகரக் கூரைப் பள்ளிக்கூடமும், பிள்ளைக்காம்பராவும் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), சுடுகாடும் அளவின் சிறுமையால் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். படத்தில் இருப்பது இருந்ததற்குச் சாட்சி. இல்லாதது இல்லாமைக்குச் சாட்சி அல்ல.

இருப்பதிலும் கவனம் வேண்டும். பழைய அச்சைப் பார்த்து நகல் எடுத்ததால், இடிந்துபோன கட்டடம் அடுத்த பதிப்பிலும் தொடர்ந்து நிற்கும். ரயிலை வைத்துக் காலம் கணிப்பதில் சொன்ன எச்சரிக்கைதான் இதற்கும்.

இஸ்கூல் பிள்ளைகளோட இதைச் செய்யலாம்னு இருக்கேன். எங்க தொடங்குறது?

முதல் நாளே லயத்தைத் தேட விடாதீர்கள். ஆளுக்கொரு பிரதி கொடுத்து ஓடைகளை நீலத்தில் வரையச் சொல்லுங்கள், தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கட்டும். அட்டன் பக்கம் ஒரு மேட்டின் இந்தப் புறத்து மழை களனிக்கும் அந்தப் புறத்து மழை மகாவலிக்கும் போவதைக் காணும்போது பிள்ளைகளுக்கே சுவை பிடித்துவிடும். அடுத்து பாதை, அதற்கப்புறம் வயலும் தேயிலையும், கடைசியில் கட்டடங்கள்.

பெயர் சேகரிக்கும்போது பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பீலிக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதட்டும். எந்த டிவிசன்காரர் எதைச் சொன்னார் என்பதையும் தேதியையும் தாளின் பின்பக்கம் குறித்துவைக்கட்டும். பேனாவால் எழுதிய தாளை அடுத்த வகுப்புக்குப் பயன்படுத்த முடியாது.